மதர்போர்டை மாற்றப் போகிறேன்

மகாராணிக்கு,

"இந்த பிராசஸர் இந்த மதர்போர்டுல உட்காருமான்னு பாத்தீங்களா?" என்று நேற்று கேட்டாய். "கடையில ரெண்டும் ஒரே அலமாரியிலதானே இருந்துச்சு!" என்று நான் குதித்தேன். காலையில் பெட்டியைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். உட்காரவில்லை. கெஞ்சியும் பார்த்தேன். இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீ முதலில் சொன்ன போர்டையே வாங்கக் கிளம்புகிறேன். நம் முதல் கம்ப்யூட்டராச்சே, கால் தரையில் பாவவில்லை!

சாப்பாடு அடுப்பின் மேல் மூடி இருக்கிறது. மேசை முழுக்க வயரும் திருகாணியும்தான். தட்டை மடியில் வைத்துச் சாப்பிடு.

பி.கு.: "இனி இதுல நான் தலையிட மாட்டேன்" என்றாயே, அதை வாபஸ் வாங்கு.

இன்னொன்று: ரேமும் வாங்க வேண்டும். கடைக்காரர் எதைக் காட்டினாலும் எனக்கு அழகாகத்தான் தெரிகிறது. எழுந்ததும் போன் பண்ணு. அதுவரை கடையை விட்டு நகரமாட்டேன்.