தூங்குமூஞ்சிச் சக்கரவர்த்தி இரண்டாமவர்

கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றியதும் உப்புக்காற்றில் துருவேறிய தகர வாசனை. நீ இருந்திருந்தால், "எலே, கருவாட்டுப் பொட்டிய ஏம்லே தொறக்க?" என்றிருப்பாய். பள்ளிக்கு மட்டம் போட்டு, மூன்று நாளாக இதற்குள் உன்னைத்தான் தேடுகிறேன்.

கராச்சர்மாவில் எங்கள் வீட்டு மாடியறையில் பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டை இணைத்தோமே. உன் தீவான ஹட் பேக்குக் கப்பல் எப்போது என்று யார் போனில் கேட்டாலும் உன் குரல் பதில் சொல்லும், தமிழில் ஒரு முறை, நம் ஊர் இந்தியில் ஒரு முறை. வாந்தி மாத்திரையை மறக்காதீர்கள் என்று கடைசியில் ஒட்டியது உன் சேட்டை. அதே பதிவுகள் இரண்டிலும் இருக்கும். ஒன்று படுத்தால் மற்றது தாங்கும்.

இரண்டுக்கும் பெயர் வைத்தது என் சேட்டை. 'கராச்சர்மாவின் ஈடு இணையற்ற தூங்குமூஞ்சிச் சக்கரவர்த்தி முதலாமவர்'. அடுத்ததற்கும் அதே பெயர், கடைசியில் மட்டும் 'இரண்டாமவர்'. "பேரு என்னலே, நங்கூரக் கயிறு கணக்கா நீளுது?" என்றாய். அதைக் கேட்கத்தானே வைத்தேன்.

காய்ச்சலோடு மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. சர்ச்சில் உனக்கான முப்பதாம் நாள் பூசைக்கு முன் உன் அம்மா ஹட் பேயிலிருந்து பேசினார்கள். "மக்கா, அவன் பேசுனது எதாவது கெடக்கா? ஒரு தடவ கேட்டுக்கிடுதேன்."

முதலாமவரின் டிஸ்க் அதற்குள் செத்திருந்தது. அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, இரண்டாமவரிடமிருந்து உன் குரலை எடுக்க நினைத்தேன். இருவரையும் மேய்க்கும் மென்பொருள் நீளப் பெயர்களைப் பாதியில் வெட்டிவிடும் என்பது எனக்குத் தெரியாது. திரையில் இரண்டு வரியிலும் ஒரே 'கராச்சர்மாவின் ஈடு இணையற்ற'. ஒன்றைத் தொட்டு, நீக்கு என்றேன். உயிரோடிருந்ததைத் துடைத்துப் போட்டது.

அழிந்ததைத் தோண்டியெடுக்கும் மென்பொருள் ஒன்றைக்கூட நான் விடவில்லை. டிஸ்க்கைத் தட்டினேன், கெஞ்சினேன். நான் பிள்ளையார் கட்சி. உங்கள் மாதாவிடமும் கேட்டுப் பார்த்தேன். உன் இருமல்கூடக் கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு கள்ள யோசனை. உன்னைப் போலப் பேசி உன் மாமாவையே ஏமாற்றியவன் நான். பதிந்து அனுப்பினால் யாருக்குத் தெரியும்? போனைக் கையில் எடுத்தேன். முடியவில்லை. உன் அம்மாவையே கூப்பிட்டு, அழித்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அலைச்சத்தத்துக்கு நடுவே உன் அம்மா சொன்னார்கள்.

"சரி, விடு. நீ அவன மாதிரியே பேசுவியாம்லா? ஒண்ணு பேசு மக்கா."

உன் இழுப்பு, மூக்கை உறிஞ்சிவிட்டுத் தொடங்கும் விதம், எல்லாம் என் தொண்டையில் அப்படியே இருக்கின்றன. "எம்மா, சாப்ட்டியா?" அவ்வளவுதான் கேட்க வேண்டும். கேட்டேன்.

என் குரல்தான் வந்தது.