கழுகுக்கு அழுத அழுகை

ஆத்தா பவானிக்கு அம்மா எழுதிக்கிறது. இங்கன எல்லாரும் சுகம்னு மொத வரியில எழுதணும், மதுரையில ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்துக்கிட்டு அப்படி எழுத மனசு வரல. ஒங்கப்பாவுக்கு மூச்சு வாங்குறது கொறஞ்சிருக்கு, காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டாக, வியாழக்கிழமை நெஞ்சுல ஆப்பரேசன். நீ அங்கன ஜெர்மனிக் குளிருல நேரத்துக்குச் சாப்பிடுறியா இல்லையா. போன்ல பேசுனா ஒங்கப்பா காதுல விழும், அதான் எழுதுறேன், ஒன் தம்பி முத்துராஜா இதப் போட்டோ எடுத்து அனுப்புவான்.

நீ கண்காட்சி வைக்கிறேன்னு சொன்னப்ப எனக்குச் சந்தோசந்தான். அத்துப்போன பறவைகளுக்காக ஒரு இருட்டு ரூம்பு, படம் கிடையாது, பொம்மை கிடையாது, அழுகைச் சத்தம் மட்டுந்தான்னு சொன்ன. நம்ம பக்கம் பொணந்தின்னிக் கழுகு இல்லாமப் போச்சும்மா, அதுக்கு நீ ஒரு ஒப்பாரி பாடி அனுப்புன்னும் கேட்ட. அடியே, புருசன் நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில கெடக்கையில பொண்டாட்டிக்காரி ஒப்பாரி பாடலாமா, அதுவும் பொணந்திங்கிறதுக்கு? முடியாதுன்னுட்டேன். ஆனா நீ சொன்னது மனசுல கெடந்து அரிச்சுச்சு. மாட்டுக்கு வலி போக ஊசி போட்டோம், அந்த மாடு செத்துச்சு, அதத் தின்ன கழுகும் கூட்டங்கூட்டமாச் செத்துச்சுன்னு சொன்னியே. அது யாரு குடியக் கெடுத்துச்சு? செத்த மாட்டத் தவிர நம்மகிட்ட என்னத்தக் கேட்டுச்சு? இப்ப ஓடைக்கரையில மாட்டப் போட்டா நாயி இழுத்துக்கிட்டுத் திரியுது, மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் தோட்டத்துக்குப் போறோம். ஒரு வாய் அழுதா என்னன்னு தோணிருச்சு.

போன வாரம் தண்ணி பாய்ச்ச ஓடைப்பட்டிக்குப் போனேன்ல, அன்னைக்குத்தான். வெளக்கேத்துற வீட்டுல பாடக்கூடாதுன்னு தோட்டத்துக்குப் போயி திராட்சைப் பந்தலுக்கு அடியில போன்ல ரெக்கார்டு போட்டு வச்சுட்டு உக்காந்தேன். மொதல்ல வாயே வரல. ஒப்பாரின்னா இன்னாருக்குப் பொறந்தவுக, இன்னாருக்கு வாக்கப்பட்டவுகன்னு சொல்லி அழணும், கழுகுக்கு என்ன மொற சொல்ல? கடைசியில மேகமலைக்குப் பொறந்தவுகளேன்னு எடுத்தேன். செத்ததத்தான தின்னீக, ஒண்ணயும் சாகடிக்கலையேன்னு பாடுனப்ப நெசமாவே கண்ணுல தண்ணி வந்துருச்சு. பக்கத்துத் தோட்டத்துல ராக்கம்மாள் பழம் வெட்டிக்கிட்டு இருந்துருக்கா. எழவு வீட்டுல எங்குரலக் கேட்டுப் பழகுனவ, அடிச்சுப் பிடிச்சு ஓடியாந்து எங்கழுத்தக் கட்டிக்கிட்டு, ஒங்கப்பாதான் போயிட்டாகன்னு நெனச்சு, எங்கண்ணே போயிட்டியான்னு மாரடிக்கிறா. ஒப்பாரி கேட்டா என்ன ஆச்சுன்னு யாரு கேக்குறா, வந்து சேந்து அழுகுறதுதான் நம்ம வழக்கம். இல்லடி, கழுகுக்குடின்னு சொல்லியிருக்கணும். சொல்ல வரல ஆத்தா. அவ அண்ணேன்னு அழவும் எனக்கும் ஒங்கப்பா மொகந்தான் முன்னால வந்து நின்னுச்சு. எத்தன நாளா அடக்கி வச்சதோ, மதுரையில கெடக்குற என் மகராசான்னு கதறிட்டேன்.

நான் மூக்கச் சிந்தி முடிக்கல, அதுக்குள்ள ராக்கம்மாள் வீட்டுக்காரரு ஊரெல்லாம் போன் போட்டுட்டாரு. சின்னமனூர்ல இருந்து எங்கண்ணன், ஒந் தாய்மாமா தங்கப்பாண்டி, தாலியறுக்குறவளுக்குப் பொறந்த வீட்டுல எடுக்கிற கோடிச் சேலைய வாங்கிக்கிட்டு வந்து நின்னாக. மச்சான் உசுரோட இருக்காகன்னு தெரிஞ்சதும் தலையில கைய வச்சு உக்காந்துட்டாக. அந்தச் சேலையக் கடையில திருப்பிக் குடுக்கவும் முடியாது, வீட்டுக்குள்ள வைக்கவும் முடியாது, பம்புசெட்டு ரூம்புல சாக்குல சுத்திக் கெடக்கு. இந்தக் கூத்துல யாரோ முத்துராஜா போனுக்கு அடிச்சு, பொணத்த எப்ப எடுக்குறாகன்னு கேட்டுருக்காக. போனை எடுத்தது ஒங்கப்பாவே. வியாழக்கிழமை கீறிப் பாப்பாக, அதுக்கப்புறம் சொல்றேன்னு சொல்லி வச்சுட்டாக. அவுக நக்கல் ஒனக்குத் தெரியும்ல. ஆனா நான் திரும்பி வந்ததுல இருந்து மொகத்துல சிரிப்பு இல்ல. கழுகுக்குத்தான் அழுதேன்னு சொன்னேன், செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாக. அப்புறமா, அந்தக் கோடி என்ன கலருடின்னு கேட்டாக. 

போன்ல பதிஞ்சத முத்துராஜா வெட்டாம கொள்ளாம முழுசா ஒனக்கு அனுப்பிட்டான், நேத்து ஒன் மெசேஜைப் பாத்தேன். ரெண்டு பேரும் சேந்து அழுகுற எடந்தான் ரொம்ப நல்லாருக்கு, கேட்டவுகெல்லாம் கலங்கிட்டாக, அதத்தான் ரூம்புக்கு நடுவுல ஓட விடப் போறேன், புதன்கிழமை தொறக்குறோம்னு எழுதியிருக்க. நல்லாத்தான் இருக்கும், நெசமா அழுதது பெறகு எப்படி இருக்கும். மூடநம்பிக்கைன்னு சொல்லுவ, சொல்லிக்க, நான் கோவிக்கல. கழுகு போனது போனதுதான், அதுக்கு அழுதத ஊரு ஒலகமெல்லாம் கேக்கட்டும், ஓடைப்பட்டி சுப்புத்தாய் அழுததுன்னு பேரு போட்டுக்க, எனக்குப் பெருமைதான். ஆனா ராக்கம்மாள் ஓடியாந்ததுக்கு அப்புறம் இருக்குற அழுகைய அழிச்சிரு. ஒங்கிட்டயும் வச்சுக்காத. அது இன்னும் நடக்கல ஆத்தா.

சுருளி வேலப்பர் ஒன்னையும் ஒன் கைவேலையையும் காப்பாத்தட்டும், கண்ணு படாம நல்லபடியா நடக்கட்டும். வெறுந்தலையோட பனியில திரியாத. அழிச்சுட்டேன்னு ஒரு வரி போட்டுரு, ஒங்கப்பாவ உள்ள கொண்டு போகுமுன்ன அவுக காதுல சொல்லணும்.

இப்படிக்கு,
ஒன் வரிக்காகக் காத்திருக்குற அம்மா
சுப்புத்தாய்