கடைப் பலகையில் உன் முகம்

ராகலை
12.8.1958

அன்புள்ள பூரணிக்கு,

நான் சுகம். அங்கே ஊரில் உன் மூட்டுவலி குறைந்ததா?

கொழும்பில் ஓவியக் கண்காட்சி நடத்தும் பெரியவர் ஒருவர் நேற்றுக் கடைக்கு வந்தார். நம் பிள்ளை வேலு சாவதற்கு முன் கதவுப் பலகைகளில் வரைந்த உன் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். பகலில் பலகைகளைக் கழற்றி அடுக்கிவிடுவோம், முகம் சேராது. அவருக்காக நடுப்பகலில் கடையை மூடிக் காட்டினேன்.

"பையனை எங்கிட்ட அனுப்புங்க முதலாளி, பெரிய ஆளாக்குறேன்."

"பையன் போய்ட்டானுங்க."

பலகையைத் தடவிப் பார்த்தார். "அப்ப பலகையக் குடுங்க. ஊரே பாக்கட்டும்."

"குடுத்துட்டு, ராத்திரி கடையை எதை வச்சுங்க மூடுறது?"

சிரித்துவிட்டுப் போனார். புதுப் பலகை போடலாம்தான், அதை நான் சொல்லவில்லை.

மழைச் சாரலில் இடது கண் உதிர்கிறது. பெயின்டர் நல்லமுத்து தீட்டித் தருகிறேன் என்றார், வேலு போட்ட கோட்டில் வேறு கை வேண்டாமென்றேன். முகம் முழுதும் உதிர்வதற்குள் உன் போட்டோ ஒன்று எடுத்து அனுப்பு.

தபால்காரர் நிற்கிறார்.

வீரய்யா