மூன்றாம் இலக்க ஜெக்கெட்

2025 ஓகஸ்ட் 18, திங்கள்

காலையிலிருந்து பதினொரு பேரைக் கயாக்கில் ஏற்றி இறக்கினேன். தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது. பகல் ஒரு மணிக்குப் பிறகு குளத்தில் காற்று எழும்பிவிடும், விருந்தாளிகளை இறக்கமாட்டோம். அந்த இரண்டு மணித்தியாலம்தான் எனக்குச் சொர்க்கம். மருதமர நிழல், தலைக்கு என் லைஃப் ஜெக்கெட், குட்டித் தூக்கம்.

அதையும் கெடுக்க ஒருத்தி வந்துவிட்டாள். சர்மிளா. ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போன மாதம் ஹோட்டலுக்கு வந்த புது வழிகாட்டி. "அக்கா, அதுல தலை வச்சுப் படுக்காதீங்க. உள்ள இருக்கிற ஃபோம் அமுங்கிப்போச்சுன்னா மிதக்காது."

கொழுந்து கிள்ளுகிற வீட்டுப் பெண் எனக்குத் தண்ணீர்ப் பாடம் எடுக்கிறாள்! தம்புள்ளையில் ஆறு வருஷமாகத் துடுப்புப் போடுகிறேன் நான். அவள் முடியை வேறு ஒட்ட வெட்டியிருக்கிறாள், தண்ணீர் வேலைக்கு அதுதான் வசதியாம். "என்னடி, நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டியா?" என்று கேட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

செப்டெம்பர் 3

மனேஜர் ரொஹான் சேர் என்னையும் சர்மிளாவையும் கூப்பிட்டார். மழை தொடங்கினால் ஒரு வழிகாட்டி போதுமாம். 19ஆம் திகதி கொழும்பிலிருந்து பரிசோதகர் வருவார், அவர் தெரிவு செய்கிற ஆள் நிரந்தரம், மற்றவள் வீட்டுக்கு.

எனக்கு வீடு என்றால் மாத்தளையில் ஒஸ்வல்ட் அண்ணன் வீடு. அண்ணி மார்ஜரியின் சமையலறை. முந்தி மூன்று மாதம் இருந்து பார்த்தாயிற்று. "இன்னும் கொஞ்சம் சோறு போடவா ஜெனிஸ்டா?" என்று கேட்டுக்கொண்டே சட்டியை மூடுவாள். செத்தாலும் அங்கே போகமாட்டேன்.

செப்டெம்பர் 10

சர்மிளா தன் எட்டாம் இலக்க ஜெக்கெட்டை நிழலில் தனியாகத் தொங்கவிடுகிறாள். யாரும் அதன்மேல் உட்காரக்கூடாதாம். சனியன்.

செப்டெம்பர் 16

யாரும் இல்லாத நேரம் என் மூன்றாம் இலக்கத்தைப் போட்டுக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். அவரவர் ஜெக்கெட்டில், கையைக் கட்டி, காலை ஆட்டாமல் பத்து நிமிடம் மிதக்க வேண்டும், அதுதான் பரிசோதகர் வைக்கும் சோதனை. மூன்றாவது நிமிடமே தண்ணீர் வாய்க்கு வந்துவிட்டது.

அவள் சொன்னது சரி. அதுதான் வயிறு எரிகிறது.

செப்டெம்பர் 18

செய்துவிட்டேன். ஜெக்கெட் எல்லாம் ஒரே செம்மஞ்சள். முதுகில் தைத்திருக்கும் இலக்கத் துணிதான் வித்தியாசம். அவள் சாப்பிடப் போன நேரம் மூன்றையும் எட்டையும் பிரித்து, மாற்றித் தைத்தேன். ஒரு தையல்கூடக் கோணவில்லை.

செத்தா போயிடுவா? கயிறு போடுவாங்கதானே. அதைப் பிடிச்சா தோல்வி, அவ்வளவுதான். ரெண்டு மடக்குத் தண்ணி குடிக்கட்டும்.

செப்டெம்பர் 19, வெள்ளி

நான் முதலில் இறங்கினேன். பத்து நிமிடம், கழுத்துக்கு மேல் ஒரு சொட்டு இல்லை.

பிறகு அவள். ஜெக்கெட்டை மாட்டும்போது கழுத்துப் பட்டியை முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். பட்டியை இறுக்கிக்கொண்டு இறங்கினாள். நான்காவது நிமிடம் வாய் மூழ்கிவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்து மூக்கை மட்டும் மேலே வைத்திருந்தாள். இருமினாள், கண் சிவந்து பிதுங்கியது. ரொஹான் சேர் கயிற்றை எறிந்தார். பிடி சனியனே, பிடி என்று மனசுக்குள் கத்தினேன். பிடிக்கவில்லை. பத்து நிமிடம்!

பரிசோதகர் அவள் ஜெக்கெட்டைக் கழற்றி விரலால் அமுக்கினார். குழி விழுந்த இடம் எழும்பவில்லை. கழுத்துப் பட்டியைத் திருப்பினார். கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. "இதில் தூங்கியது யாருடைய தலை?" என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு அவளுடைய ஒட்ட வெட்டிய முடியைப் பார்த்தார். தேங்காயெண்ணெய் வழியும் என் பின்னலைப் பார்த்தார்.

ஐயோ, இலக்கத்தை மாத்தினியே, எண்ணெயை மறந்தியே மூதேவி!

செப்டெம்பர் 22

நிரந்தரம் அவளுக்கு. என்னை இன்றே துரத்துவதாக இருந்தார் சேர். அவள்தான் தடுத்தாள். "வேணாம் சேர். அக்கா இருக்கட்டும். எனக்கு ஒரு வேலைக்கு ஆள் வேணும்."

முட்டாள்! நானாக இருந்தால் பெட்டியைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன்.

செப்டெம்பர் 24

என்ன வேலை என்று இன்று தெரிந்தது. மார்ஜரியின் சட்டி மூடியை நினைத்தேன். சரி என்றேன்.

ஒக்டோபர் 24, வெள்ளி

ஒவ்வொரு காலையும் ஒன்பது மணிக்குச் செய்துகாட்டல். விருந்தாளிகள் துறையில் வரிசையாக நிற்பார்கள். இலக்கத் துணிகளைத் திருப்பித் தைத்தாயிற்று, அமுங்கிய மூன்றாம் இலக்கம் மறுபடி என்னிடம்தான். அமுங்கிய ஜெக்கெட் ஆளை எப்படி அமிழ்த்தும் என்று அவள் ஆங்கிலத்தில் இனிக்க இனிக்க விளக்குவாள். நான் அமிழ வேண்டும். "கையைக் கட்டுங்க அக்கா. காலை ஆட்டக்கூடாது." கயிறு அவள் கையில். தண்ணீர் வாய்க்கு வந்ததும் எறிய வேண்டும் என்பது பேச்சு. மூக்கு வரை பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கைதட்டி வீடியோ எடுக்கிறார்கள்.

நேற்று ஈரப் பின்னல் கழுத்தைச் சுற்றி மூச்சு முட்டிவிட்டது. ராத்திரி கத்திரிக்கோல் எடுத்து ஒட்ட வெட்டிவிட்டேன்.

இன்று காலை என்னைப் பார்த்ததும் அவள் கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தினாள்.

"என்னக்கா, நேர்த்திக்கடனா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.