பூக் கேட்காமல் போட்ட ஊசி

ஆடி 22, வெள்ளி.

புற்றுநோய் மருந்து ஏற்றுவதற்கு முன், என் மகள் கவிதாவின் கருமுட்டைகளை இன்று எடுத்து உறைய வைத்துவிட்டார்கள். மருந்து ஏறிய பிறகு பிள்ளைப்பேறு கடினமாகலாம் என்றார் டாக்டர்.

அதற்காகப் பத்து நாளுக்கு மேல் போட வேண்டிய ஊசியை, ஆடி கழிந்து குலதெய்வத்திடம் பூக் கேட்டு உத்தரவு வாங்கிவிட்டுத் தொடங்கலாம் என்று மாதத் தொடக்கத்தில் நான்தான் இழுத்தேன். அவள் மாமியார் என்ன சொல்வாரோ என்ற பயமும் இருந்தது.

அவரோ, “ஏனுங்க சம்பந்தி, அதுவரைக்கும் நோவு சும்மா இருக்குமுங்களா? கெளம்புங்க” என்று அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

இன்று மயக்கம் தெளிந்த கவிதா, “எத்தனை முட்டை கெடச்சுதுங்க அத்தை?” என்றாள்.

“பேரன் பேத்தி அப்புறம். நீ மொதல்ல நல்லாயி ஊடு வந்து சேரு சாமி” என்றார் சம்பந்தி.

அவருக்கு நன்றியாகக் காபி வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சர்க்கரை போட்டே வாங்கியிருக்கிறேன். இனிப்பு தெரிந்தும் முழுவதையும் குடித்தார்.