ஆற்றங்கரைப் படத்தில் அசைந்தவன்

அன்புள்ள லிடியா,

பரமத்தி வேலூரில் உன் அம்மா வீட்டு வெற்றிலைக் கொடிக்காலில் இப்போது பனி இறங்கியிருக்கும். நீ மாட்டிவிட்டுப் போன வீட்டுச் சாவி இங்கே அதே ஆணியில்தான் தொங்குகிறது.

பங்குக் கோயில் பரணில் கிடைத்த நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கண்ணாடி நெகட்டிவ்களை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். நேற்று ஒன்றின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். காவிரிக் கரையில் பத்துப் பேர் கட்டுச்சோறு சாப்பிடுகிறார்கள். அந்தக் காலத்துக் கேமராவுக்குச் சில விநாடிகள் மூச்சடக்கி இருக்க வேண்டும்; அசைந்தால் முகம் கலைந்துவிடும். "ஆடாம இருங்க சாமி" என்று படமெடுத்தவர் கெஞ்சியிருப்பார். ஒன்பது பேர் சிலையாக இருக்கிறார்கள். ஒருவனுக்கு மட்டும் முகமே இல்லை, ஆற்றுப் பனிபோல ஒரு வெண்மை. பக்கத்தில் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்கத் திரும்பியிருக்கிறான்.

எழுந்துபோய் நம் கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். பீடத்தின் முன்னால் நீ மெதுவாக, "ஏனுங்க, ஒருக்கா என்னையப் பாருங்க" என்றாய். படம் கெட்டுவிடும் என்றேன்.

எல்லாப் படத்திலும் நீ என் பக்கம் திரும்பியிருக்கிறாய். என் முகம் கேமராவுக்கு நேராக, அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்ததும் வேலூர் பஸ் ஏறுகிறேன். உள்ளே கூப்பிட வேண்டாம். பார்க்க மட்டும் விடு.

இப்படிக்கு,
உன் பக்கத்தில் அசையாமல் நின்றவன்