பக்கத்தில் இருந்த இடம்

அன்புள்ள எர்னஸ்ட்,

நம் கப்பல் மூழ்கியபின் எங்களைக் காப்பாற்றிய கப்பல் நியூயார்க்கில் இறக்கிவிட்டது. அதில் உன்னைத் தேடினேன். வேறு கப்பல் உன்னை ஏற்றியிருக்கும்.

இந்த விடுதியில் எல்லோருக்கும் ஒரே பேச்சு, உயிர்காப்புப் படகுகள் ஏன் போதவில்லை என்று. ஆட்களை எண்ணி அல்ல, கப்பலின் அளவைப் பார்த்துத்தான் படகு வைக்கச் சொல்கிறதாம் சட்டம். அதுவும் இவ்வளவு பெரிய கப்பல் வருமுன் எழுதியதாம். எனக்குத் தலைக்குள் ஏறவில்லை. என் படகு பாதி காலியாகத்தானே போனது?

அந்தரத்தில் தொங்கும் படகில் ஏற எல்லோருக்கும் பயம். நீகூடச் சிரித்தாயே: "போய்ட்டு வா, மேபெல். காலைல கஞ்சி ஆறுறதுக்குள்ள திரும்ப ஏத்திடுவாங்க. குளிர்ல நடுங்கப்போறது நீதான்!" உன் கோட்டையும் என் கையில் திணித்தாய்.

அதிகாரி கத்தினார்: "பொம்பளைங்க மட்டும்! வேற யாரும் வரலயா? அப்ப எறக்குங்க!"

பக்கத்துக் கட்டில்காரி வேறு சொல்கிறாள்: "கப்பலோட வலப்பக்கம் ஆம்பளைங்களையும் ஏத்துனாங்களே! எங்க வீட்டுக்காரர் கீழ டீ குடிச்சிட்டிருக்கார், பாரு."

ஒரே கப்பல், 'பெண்கள் முதலில்' என்ற ஒரே உத்தரவு. பக்கத்துக்கு ஒரு அர்த்தமா? காற்று குறைவாக இருக்கிறதென்றுதானே நாம் இடப்பக்கம் திரும்பினோம்?

நீயும் பிறகு வலப்பக்கம் நடந்திருப்பாய். கூப்பிடு தூரம்தானே.

கோட்டை நான் போர்த்திக்கொள்ளவில்லை. பக்கத்தில் விரித்து உனக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். விடியும்வரை அந்த இடத்தை யாரும் கேட்கவில்லை.

காத்திருக்கும்,
உன் மனைவி